பத்திரமாக இரண்டு டிகிரி

என் அக்காவின் கணவரை ஆமை மையத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவர் 'பத்திரம்'. கேட்டைத் திறந்தால் பத்திரம், வாளியைத் தூக்கினால் பத்திரம், யாராவது வேகமாகத் தும்மினால்கூடப் பத்திரம் என்று சொல்கிற ஆள். நான் அதே மையத்தில் ஜீப் ஓட்டுகிறேன். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அதனால் வாயால் அத்தான் என்று கூப்பிட்டுவிட்டு, மனசுக்குள் மட்டும் பத்திரம் என்று சொல்லிக்கொள்வேன்.

ஜீப்பில் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டுவது ஒரு தண்டனை. அவர் பக்கம் பிரேக் கிடையாது. ஆனால் எதிரே ஒரு சைக்கிள் வந்தாலே வலது காலால் தரையை மிதிப்பார். மிதித்து மிதித்து அந்த இடத்தில் ரப்பர் விரிப்பு தேய்ந்து தகரம் தெரிகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அத்தான், நீங்களே ஓட்டுறீங்களா?" என்று கேட்டால், "ஐயோ, எனக்கு எதுக்கு அதெல்லாம், நீ பாத்துப் போ" என்பார்.

வீட்டிலும் அப்படியேதான். அடுப்பை மூடிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடி மூடுவார். அவருக்கு ஒரே மகள். நர்ஸ் படிப்புக்குத் தூரத்து நகரத்தில் இடம் கிடைத்தது. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற ஆள் இல்லை அவர். "அவ்வளவு தூரமாம்மா... விசாரிச்சுப் பாப்போம்... கொஞ்சம் பொறு" என்று இழுத்து இழுத்து, சேர வேண்டிய தேதியைத் தாண்ட வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பெண் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து ஊராரின் அடையாள அட்டைகளை நகல் எடுத்துக்கொண்டிருந்தது. அவர் கெட்டவர் இல்லை, அதுதான் எனக்குக் கோபம். கெட்டவராக இருந்தால் ஒரு சண்டை போட்டு முடித்திருக்கலாம்.

ஆனால் முட்டை என்று வந்துவிட்டால் அவருடைய பயமெல்லாம் அழகாக மாறிவிடும். எங்கள் ஆற்றில் மட்டும் மிச்சமிருந்த ஒரு வகை ஆமை. வலையில் மாட்டியும், முட்டையிட மணல் இல்லாமல் போயும் அழிந்து, கடைசியில் சில பெண் ஆமைகளையும் இரண்டு கிழட்டு ஆண் ஆமைகளையும் பிடித்து மையத்துக் குளத்தில் விட்டிருந்தார்கள். குளத்தோரம் மணல்மேடு. ஆமை முட்டையிட்டு மூடிவிட்டுப் போனதும் அத்தான் மண்டியிட்டு, விரல் நுனியால் மணலை விலக்குவார். ஒவ்வொரு முட்டையின் மேல்பக்கத்திலும் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைப்பார். எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கமே கடைசி வரை மேலே இருக்க வேண்டும். புரண்டால் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிற கரு செத்துவிடும். இரண்டு கையாலும் ஏந்தி, ஈர மணல் நிரப்பிய பெட்டியில் இறக்குவார். அந்த நேரத்தில் அவர் வாய் பத்திரம் என்று சொல்லாது. மூச்சுகூட விடமாட்டார்.

பெட்டிகள் பொரிப்பறைக்குப் போகும். ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. மூன்று பக்கமும் மர அடுக்குகள், தரையில் ஒரு ஹீட்டர், சுவரில் அதைக் கட்டுப்படுத்துகிற வட்டமான டயல். அந்த டயலில் முதல் அதிகாரி சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். "முள்ளு கோட்டுல நிக்கணும்" என்று அத்தானிடம் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. அத்தானும் கேட்கவில்லை. பெரியவர்கள் சொன்னால் காரணம் இருக்கும் என்று நினைக்கிறவர் அவர். கொஞ்ச நாளில் அந்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார்.

அப்புறம் வந்தது அந்தக் கோடைக்காலம். வெளியே தார் ரோடு இளகி டயரில் ஒட்டிய வருஷம். டயலுக்குள் ஏதோ சிக்கிக்கொண்டு ஹீட்டர் அணையாமல் எரிந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை கோட்டில் இருந்த முள், சனிக்கிழமை காலையில் அத்தான் கதவைத் திறந்தபோது கோட்டைத் தாண்டி எங்கேயோ இருந்தது. அந்த வருஷத்து முட்டைகள் அத்தனையும் உள்ளேயே வெந்துவிட்டன.

அது இயந்திரத்தின் கோளாறு. விசாரிக்க வந்தவர்களும் அப்படியேதான் சொன்னார்கள். ஆனால் வந்தவர்கள் செத்த குஞ்சுகளையெல்லாம் ஒரு வெள்ளை ட்ரேயில் வரிசையாக அடுக்கச் சொன்னார்கள். ஓடு முழுசாக முற்றாத, நகம்கூட முளைத்திருந்த குஞ்சுகள். படம் எடுக்க வேண்டும், வெளிச்சம் போதவில்லை, அந்த ட்ரேயை வெயிலில் தூக்கிப் பிடியுங்கள் என்றார்கள். தூக்கிப் பிடித்தவர் அத்தான். அடுத்த நாள் செய்தித்தாளில் ட்ரேயோடு அவர் முகமும் வந்தது. அக்கா அந்தத் தாளை அடுப்பில் போட்டாள்.

அதற்குப் பிறகு அவர் இரண்டு காரியம் செய்தார். இரண்டையும் யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்று, புது டயல் மாட்டியதும் அதில் அவரே சிவப்புக் கோடு போட்டார். ஆனால் முள்ளைக் கோட்டுக்கு இரண்டு டிகிரி கீழே நிறுத்தினார். யாராவது பார்க்க வந்தால் மட்டும் கோட்டுக்கு ஏற்றிவிட்டு, அவர்கள் போனதும் இறக்கிவிடுவார். சூடு ஏறினால் சாவு என்பதைத்தான் அவர் கண்ணால் பார்த்திருந்தார். குளிர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. ஒன்றும் ஆகாது, கொஞ்சம் தாமதமாகப் பொரிக்கும், அவ்வளவுதான் என்று நினைத்தார். தாமதமாகத்தான் பொரித்தன. அவர் அதைப் பார்த்து, நிதானமாக வளர்கின்றன, திடமாக வரும் என்று சந்தோஷப்பட்டார்.

இன்னொன்று ஜாடி. முட்டைக்குள்ளேயோ வெளியே வந்தோ சாகிற குஞ்சுகளை ஸ்பிரிட் ஊற்றிய கண்ணாடி ஜாடியில் போட்டு வைக்க வேண்டும் என்பது மையத்தின் வழக்கம். வருஷக் கடைசியில் அந்த ஜாடி நகரத்து ஆய்வகத்துக்குப் போகும். அந்த ட்ரேக்குப் பிறகு அத்தானால் ஒரு செத்த குஞ்சை இன்னொருவர் கண்ணில் காட்ட முடியவில்லை. ஒன்றோ இரண்டோ செத்தால் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போய்ப் பின்பக்கச் சுவரோரம் புதைத்துவிடுவார். ஜாடி காலியாகவே இருந்தது. காலி ஜாடியை ஆய்வகத்துக்கு யார் அனுப்புவார்கள்? அதைத் துடைத்து வரவேற்பறை அலமாரியில் வைத்தார்கள். புதிதாக வந்த அதிகாரி விருந்தாளிகளிடம், "நம்ம பொரிப்பகத்துல சாவே கிடையாது" என்று அந்த ஜாடியைக் காட்டிச் சொல்வார். அத்தானுக்கு ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள். வாங்கும்போது அவர் முகத்தில் ஈயாடவில்லை. கூச்சம் என்று நாங்கள் கேலி செய்தோம்.

இப்படியே பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது. குஞ்சுகள் தொட்டிகளில் வளர்ந்தன. இந்த ஆமைகள் ரொம்ப மெதுவாக வளர்பவை. ஆணா பெண்ணா என்று வெளியே பார்த்தால் தெரிவதற்கே பல வருஷம் ஆகும். முன்பெல்லாம் சின்னதாகவே ஆற்றில் விட்டவை ஒன்றும் தப்பாததால், இவற்றை நன்றாக வளர்ந்த பிறகு விடுவதாகத் திட்டம். அதற்குள் குளத்தில் இருந்த பழைய பெண் ஆமைகள் வயதாகியும் நோய் வந்தும் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. கடைசியில் முட்டையிடுகிறவள் ஒருத்திதான் மிச்சம். அவளை நாங்கள் மூத்தவள் என்போம். அவளைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. தொட்டி தொட்டியாகப் பிள்ளைகள் இருக்கும்போது என்ன கவலை?

அப்போதுதான் டாக்டரம்மா வேலைக்கு வந்தார். கால்நடை மருத்துவர். முப்பது வயசுகூட இருக்காது. வேகமாக நடப்பார், நடந்துகொண்டே சாப்பிடுவார். முதல் வாரமே, வயதில் மூத்த குஞ்சுகள் இருந்த தொட்டியில் இறங்கி ஒவ்வொன்றையும் தூக்கி வாலைப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் வால் தடிமனாக இருந்தது. தடித்த வால் என்றால் ஆண். அடுத்த தொட்டிகளில் இருந்தவை சின்னவை, வாலை வைத்துச் சொல்ல முடியாது. அவற்றை மயக்கி, தொடைப் பக்கம் சிறு துளை போட்டு, ஒரு மெல்லிய குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்தார். ஒரு தொட்டி, இரண்டு தொட்டி என்று பார்த்துக்கொண்டே போனவர் மத்தியானத்துக்கு மேல் பேசுவதையே நிறுத்திவிட்டார். எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று மட்டும் புரிந்தது.

சாயங்காலம் டாக்டரம்மா எங்களை எல்லாம் அதிகாரி அறைக்குக் கூப்பிட்டார்.

"அத்தனையும் ஆணு. ஒண்ணுகூடப் பொண்ணு இல்ல" என்றார்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "அத்தான், வீட்டுல ஒரே பொண்ணு, அதுக்கு ஈடு கட்டுற மாதிரி இங்க எல்லாம் ஆம்பளைப் பிள்ளையா?" என்று காதோரம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

டாக்டரம்மா விளக்கினார். "நமக்கெல்லாம் கரு உண்டாகும்போதே ஆணா பொண்ணான்னு முடிவாயிடுது. இந்த ஆமைங்களுக்கு அப்படி இல்ல. முட்டையிட்டப்புறம், கரு வளர்ற நடுக்காலத்துல, சுத்தி இருக்கிற சூடுதான் அதை முடிவு பண்ணுது. சூடு கூட இருந்தா பொண்ணு. குறைஞ்சா ஆணு. நடுவுல இருந்தா ரெண்டும் கலந்து வரும். எல்லாப் பிராணிக்கும் இப்படி இல்ல, முதலைக்கு வேற மாதிரி. நம்ம ஆமைக்கு இப்படித்தான். அந்தச் சிவப்புக் கோடு எதுக்குப் போட்டிருக்காங்கன்னு நெனச்சீங்க? ரெண்டும் கலந்து வரணும்னுதான்."

அதிகாரி மேசையைத் தட்டினார். "டயல் விக்கிறவன் ஏமாத்தியிருக்கான். கோட்டுல வச்சாலும் உள்ள சூடு கம்மியா இருக்கிற மாதிரி ஒரு பொருளக் கொடுத்திருக்கான். அவனைக் கூப்பிடுங்க."

டயல் சரி பார்க்கிற மெக்கானிக் மறுநாள் காலையில் வருவதாக ஏற்பாடாயிற்று. வெளியே வந்ததும் அத்தான் தண்ணீர்க் குழாயடியில் போய் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடத்திலேயே எனக்கு எல்லாவற்றையும் சொன்னார், இரண்டு டிகிரி, கைக்குட்டை, சுவரோரம் எல்லாம். 

"வாயத் தொறக்காதீங்க அத்தான்" என்றேன். "மெக்கானிக் வந்து ஏதாவது சொல்லிட்டுப் போகட்டும். பழைய சாமான், ஒரு டிகிரி முன்னப் பின்ன இருக்கத்தான் செய்யும். யாருக்கு என்ன தெரியப் போகுது? அக்காவை நெனச்சுப் பாருங்க."

"டயலு சரியாத்தான்டா இருக்கு. அது மேல பழி போடச் சொல்றியா?"

"ஒரு டயலுக்கு என்ன அத்தான் மானம் போகப் போகுது?"

அவர் எழுந்து நேராக அதிகாரியின் அறைக்குப் போனார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் கதவைத் தட்டாமல் திறந்ததைப் பார்த்தேன். பின்னாலேயே ஓடினேன்.

"கோட்டுல வைக்கல சார். ரெண்டு டிகிரி கீழ வச்சேன். நான்தான். அந்த ட்ரே வருஷத்துலேருந்து" என்றார். அப்புறம் டாக்டரம்மா பக்கம் திரும்பினார். "ஜாடி காலியா இருந்தது, சாவு இல்லாததால இல்லம்மா. புதைச்சுட்டேன்."

அதிகாரி கத்தினார். என்னவெல்லாமோ சொன்னார். கேடயம் கொடுத்த கையால் என்ன செய்வது என்று தெரியாமல் அந்தக் கையையே ஆட்டி ஆட்டிப் பேசினார். அத்தான் அதையெல்லாம் வாங்கிக்கொண்டு நின்றார். டாக்டரம்மா கத்தவில்லை. ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

"செத்ததைத் திறந்து பாத்தா உள்ள ஆணா பொண்ணான்னு தெரியும். அதுக்குத்தான் அந்த ஜாடி. நாலஞ்சு போட்டிருந்தாப் போதும், முதல் வருஷமே கண்டுபிடிச்சிருப்பாங்க."

அதிகாரியின் கத்தலுக்கு அசையாத மனிதர் இந்த வார்த்தைக்கு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்கு வீட்டில் அவர் சாப்பிடவில்லை. தட்டில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அக்கா, "தெரியாம நடந்ததுக்கு யாரு என்ன பண்றது? எழுந்து கை கழுவுங்க" என்றாள். மகள் எதிரே உட்கார்ந்து நடந்ததையெல்லாம் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. பிறகு சத்தம் போடாமல், "சூடு படக்கூடாதுன்னு பாத்துப் பாத்து வச்சே எல்லாத்தையும் வீணாக்கிட்டீங்களேப்பா" என்றது. அக்கா, "ஏய், சும்மா இரு" என்று அதட்டினாள்.

"அவ சொல்றது சரிதான்" என்றார் அத்தான்.

எங்கள் எல்லாருக்கும் அது எதைப் பற்றிய பேச்சு என்று தெரிந்திருந்தது. மறுநாளே அவர் மகளிடம் நர்ஸ் படிப்புக்கு மறுபடி விண்ணப்பம் போடச் சொன்னார். இடம் கிடைத்தபோது பஸ் நிலையம் வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். பஸ் கிளம்புகிறவரை வாயை இறுக்க மூடிக்கொண்டிருந்தார். பத்திரம் என்ற வார்த்தை உதடு வரை வந்து திரும்பிப் போனதை நான் பார்த்தேன். கொஞ்ச தூரம் தள்ளிப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதிகாரி அவரைப் பொரிப்பறையிலிருந்து தூக்கிவிட்டுத் தோட்ட வேலைக்கு மாற்றப் பார்த்தார். டாக்டரம்மா விடவில்லை. "தப்பு பண்ணவருக்குத்தான் இனிமே அது மறக்காது. வேற ஆள் வந்தா நான் முதல்லேருந்து சொல்லிக் கொடுக்கணும்" என்றார். அத்தான் இதைக் கேட்டு மகிழ்ந்துவிடவில்லை. தோட்ட வேலையே கொடுத்திருக்கலாம் என்றுதான் என்னிடம் சொன்னார். திட்டி ஒதுக்கியிருந்தால் அவருக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது எல்லாம் மூத்தவள் கையில். அவள் போன வருஷம் முட்டையிடவில்லை. இந்த வருஷமும் இல்லையென்றால் கதை முடிந்தது. தொட்டி நிறைய ஆண்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அத்தான் தினமும் மணல்மேட்டைப் போய்ப் பார்ப்பார். நான், "பிரசவ ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிற மாதிரி நிக்கிறீங்களே" என்று சீண்டினாலும் அவர் காதில் விழாது.

அவள் இட்டாள். வழக்கத்தைவிடக் குறைவாகத்தான், ஆனால் இட்டாள். அத்தான் ஒவ்வொரு முட்டையிலும் பென்சில் புள்ளியை இரண்டு தடவை அழுத்தி வைத்தார். பெட்டியைப் பொரிப்பறையில் வைத்ததும் டாக்டரம்மா, "இந்தத் தடவை கலந்து வர வேணாம். எல்லாமே பொண்ணா வரட்டும். கோட்டுக்கு மேல ஒரு டிகிரி வைங்க" என்றார்.

அத்தான் டயலைத் திருப்பினார். முள் கோட்டைத் தொட்டது. அதற்கு மேல் அவர் கை போகவில்லை. 

"கோட்டத் தாண்டிதானேம்மா அன்னிக்கு எல்லாம் செத்துச்சு..."

"அன்னிக்கு ரொம்பத் தாண்டிடுச்சு. இது ஒரு டிகிரிதான். ஒண்ணும் ஆகாது."

ஏற்றினார். கையை எடுத்தார். மறுபடி டயல் மேல் வைத்தார். அவர் கை தானாகவே கீழே திருப்பப் பார்த்ததை அவரும் சேர்த்து நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். சட்டென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "டாக்டரம்மா, இந்தத் திருகியக் கழட்டி நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க. என் கையில இருந்தா நான் இறக்கிடுவேன்" என்றார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஸ்குரூ டிரைவர் கொண்டுவரச் சொல்லி, அந்தத் திருகியைக் கழற்றித் தன் வெள்ளை அங்கியின் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அத்தானால் செய்ய முடிந்தது காவல் மட்டும்தான். தெர்மாமீட்டரைப் பார்ப்பார், மணலைத் தொட்டு ஈரம் பார்ப்பார், டார்ச் விளக்கை முட்டையின் பின்னால் பிடித்து உள்ளே ரத்தக் குழாய்கள் சிவப்பாக ஓடுவதைப் பார்ப்பார். மகள் போனில் பேசினால், "இங்க ரொம்ப சூடாத்தாம்மா இருக்கு, நல்லாத்தான் இருக்கு" என்பார்.

இரண்டு முட்டைகளில் ஆரம்பத்திலிருந்தே கரு இல்லை. மற்றவை அவர் பழகியிருந்ததைவிடச் சீக்கிரமாகவே விரிசல் விட்டன. அவர் பயந்துபோய் டாக்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு வர ஓடினார். "சூடு இருந்தா சீக்கிரம்தான் வரும்" என்று அவர் சிரித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றாக மூக்கை நீட்டி வெளியே வந்தன. எல்லாமே உயிரோடு. அதிகாரிகூடத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

அத்தான் மட்டும் தேநீரைத் தொடவில்லை. "பொண்ணுங்கதானேம்மா?" என்று கேட்டார்.

"அப்படித்தான் இருக்கணும்."

"இருக்கணும்னா?"

"உறுதியாச் சொல்ல முடியாது. இவ்வளவு சின்னதுல கேமராவை விட முடியாது. உள்ளங்கை அளவுக்காவது வளரணும். அதுக்கு இன்னும் பல வருஷம் ஆகும்."

"நான் அடுத்த வருஷம் ரிட்டயர் ஆயிடுவேனே."

"வந்து பாருங்க, யாரு வேணாங்கிறது? இல்லன்னா ஏதாவது ஒண்ணு செத்தாத் திறந்து பாத்துச் சொல்லிடலாம்." டாக்டரம்மா இதை யோசிக்காமல், போகிற போக்கில் சொன்னார். அவருக்கு அது அன்றாட விஷயம்.

குஞ்சுகளில் ஒன்று சவலை. வயிற்றில் மஞ்சள் கரு சரியாக உள்ளே போகவில்லை. தொட்டால் ஓடு வெற்றிலை மாதிரி வளைந்தது. தண்ணீரில் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்கும், தீனி தின்னாது. டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "இது தேறாது. மருந்து ஊத்தறேன், ஆனா நம்பிக்கை வைக்காதீங்க" என்றார். பிறகு அத்தான் முகத்தைப் பார்த்து, அவருக்கு ஒரு நல்லது சொல்கிற மாதிரி, "போயிடுச்சுன்னா புதைச்சிடாதீங்க, எங்கிட்டக் கொண்டு வாங்க. உங்களுக்கு ஒரு நிம்மதி கிடைக்கும்" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அத்தான் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஜீப்பில் ஏறினால் காலால் தரையை மிதிப்பதுகூட இல்லை. எதிரே லாரி வந்தாலும் சும்மா உட்கார்ந்திருந்தார். அது எனக்குப் பயமாக இருந்தது. ஒரு நாள் ஆற்றோரம் வண்டியை நிறுத்தி, "என்ன அத்தான் ஆச்சு, சொல்லுங்க" என்று கோபமாகவே கேட்டேன்.

"காலையில போய் அந்தத் தொட்டியப் பாக்கிறேன்டா. அது செத்துக் கிடக்கும்னு நெனச்சுக்கிட்டே போறேன். அசையறதப் பாத்தா..." நிறுத்தினார். "ஏமாத்தமா இருக்குடா. இன்னிக்கும் சாகலையேன்னு இருக்கு. இத்தனை வருஷம் ஒண்ணு சாகக்கூடாதுன்னுதான் அத்தனையும் கெடுத்தேன். இப்ப ஒண்ணு செத்தாத் தேவலன்னு நிக்கிறேன். நான் எப்படிப்பட்ட ஆளு?"

 அந்தக் குஞ்சு சாகட்டும் என்று நானும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்று போனால் இந்த மனிதர் இரவில் தூங்குவார், அக்கா நிம்மதியாக இருப்பாள். அதைச் சொன்னேன். "அது எப்படியும் போகப் போறதுதான் அத்தான். நீங்க ஒண்ணும் கழுத்த நெரிக்கலயே."

"தீனி ஊட்டிப் பாக்கலியே. கையில எடுத்து ஊட்டலாமான்னு முதல் நாளே தோணுச்சு. ஊட்டாம விட்டேன். அது என்ன கணக்கு?"

அன்றைக்கே அவர் அந்தக் குஞ்சைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் பேசினில், விரல் நகம் நனைகிற அளவு தண்ணீரில் வைத்தார். மண்புழுவை நறுக்கி, நறுக்கியதை மறுபடி நசுக்கி, தீக்குச்சி முனையில் எடுத்து அதன் மூக்குக்கு நேராக நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அது திரும்பிக்கொள்ளும். அவர் பேசினின் அந்தப் பக்கம் போய் நீட்டுவார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் எல்லாம் இதுதான். பார்க்கிறவனுக்கே முதுகு வலிக்கும். மையத்து ஆட்கள் முதலில் கேலி செய்தார்கள், பிறகு அவர்களே புழு தேடிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாயை இறுக்க மூடிக்கொண்டிருந்த குஞ்சு ஒரு நாள் தீக்குச்சியின் முனையைச் சேர்த்துக் கடித்தது. அத்தான் கையை அசைக்காமல், அது விடுகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா ஊருக்குப் போயிருந்தவர் திரும்பி வந்ததும், ஸ்பிரிட் ஊற்றிய சின்னப் புட்டியோடு பொரிப்பறைக்கு வந்தார். அது செத்திருக்கும் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

"எங்க அது?"

அத்தான் பேசினைக் காட்டினார். குஞ்சு நேராக நீந்திக்கொண்டிருந்தது. கொஞ்சம் சாய்வுதான், ஆனாலும் நீந்தியது.

டாக்டரம்மா குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். "பொழைக்க வச்சுட்டீங்களே!" என்றார். பிறகு கையிலிருந்த புட்டியைப் பார்த்துவிட்டு, "இனிமே உங்களுக்கு எப்படித் தெரியும்? வேற எதுவும் சாகற மாதிரி இல்லையே" என்றார்.

"தெரிய வேணாம்மா. இது செத்துதான் எனக்கு நிம்மதி வரணும்னா அது எனக்கு வேணாம்" என்றார் அத்தான். சொல்லிவிட்டுக் கண் கலங்கினார். நானும் வண்டியைத் துடைக்கப் போவதுபோல வெளியே வந்துவிட்டேன். அவர்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அடுத்த வருஷம் அவர் ஓய்வு பெற்றார். மூத்தவள் அதற்குப் பிறகு முட்டையிடவே இல்லை. அந்தக் குஞ்சுகள் இன்னும் தொட்டியில்தான் வளர்கின்றன. உள்ளங்கை அளவுக்கு இன்னும் வரவில்லை. அத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். பழைய ஆள் என்று உள்ளே விடுவார்கள், ஆனால் அவர் வேலியைத் தாண்டமாட்டார். பார்வையாளர்கள் நிற்கிற இடத்திலேயே நின்று பார்த்துவிட்டுப் போவார்.

போன வாரம் அவரைக் கூட்டிக்கொண்டு போக நான் போயிருந்தேன். பக்கத்தில் ஒரு சின்னப் பெண் தன் அம்மாவோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஆமைகளைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்து, "தாத்தா, இதுல எது பையன், எது பொண்ணு?" என்று கேட்டது.

"தெரியாதும்மா" என்றார் அத்தான்.

"இங்க வேலை பாக்கிறவங்களுக்கு?"

"அவங்களுக்கும் தெரியாது."

"அப்ப யாருக்குத்தான் தெரியும்?"

அவர் கம்பியிலிருந்து கையை எடுத்து, அந்தக் கையையே ஒரு தரம் திருப்பிப் பார்த்தார்.

"நான்தாம்மா முடிவு பண்ணேன். ஆனா என்ன பண்ணேன்னு எனக்கே இன்னும் தெரியல."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த தொட்டிக்குப் போய்விட்டது.